பாதி அவரிடம், பாதி என்னிடம்

சாலவான்குப்பம் தாண்டிய பிறகு பீடிக்காகச் சட்டைப் பையில் கையை விட்டேன். கையில் வந்தது மஞ்சள் பென்டிரைவ்.

மாமல்லபுரத்திலிருந்து வடக்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில், எதற்கும் இருக்கட்டும் என்று காலையிலேயே கட்டி எடுத்த ஒரு பை. அதில் இரண்டு லுங்கி, ஒரு பேண்ட், ஒரு போர்வை. கடற்கரைச் சாலையில் பேருந்துகள் போய்க்கொண்டுதான் இருந்தன. நான் கை காட்டவில்லை. எங்கே இறங்குவது என்று தெரியாதவன் கண்டக்டரிடம் எந்த ஊர் சொல்லி டிக்கெட் கேட்பது?

ஒரு மணி நேரத்துக்கு முன்பு, எனக்கு வேலை கொடுத்திருந்தவர் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போய்விட்டார். போவதற்கு முன் சொன்னது ஒரு வரி. "கடைக்கு இனிமே ஒரு ஆளு போதும் அண்ணாத்த." கோபமாகச் சொல்லவில்லை. மிச்சமிருக்கும் வேலையை மனதில் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்ன மாதிரி இருந்தது. நானும் சரி என்றேன். அச்சரப்பாக்கம் அரிசி மில்லில் ஏழு மாதம், கோவளத்தில் படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றியது ஒரு வருடம், மாமல்லபுரத்தில் கல்லுக்குப் பாலிஷ் போட்டது இருமல் தாங்கிய வரைக்கும். இரண்டு வருடம் ஓரிடத்தில் நான் நின்றது அவரிடம் மட்டும்தான்.

அந்த மஞ்சள் பென்டிரைவ் அவருடையது. கழற்றிய ஸ்க்ரூவைக்கூட எண்ணி வாங்கும் மனுஷி, இதை எப்படிக் கேட்காமல் விட்டார் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

அவர் வயதில் எனக்குப் பத்து வருடமாவது இளையவர். ஆனாலும் அவரைப் பற்றிச் சொல்ல வந்தால் ‘அவர்’ என்றுதான் வருகிறது. செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் அவருடைய கடை. ஆள் ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத படிக்கட்டு. கம்ப்யூட்டர் ரிப்பேர், முக்கியமாக வைரஸ் எடுப்பது. செங்கல்பட்டிலும் திருக்கழுக்குன்றத்திலும் மாமல்லபுரத்திலும் லாட்ஜ், பள்ளிக்கூடம், ரத்தப் பரிசோதனை நிலையம், கல் பட்டறை என்று வருட ஒப்பந்தம் பேசி, மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

அவரிடம் நாலு பென்டிரைவ் இருந்தன. நாலும் நாலு நிறம். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன புரோகிராம். சிவப்பு, உள்ளே ஏற்கெனவே புகுந்துவிட்ட வைரஸைத் தேடிப் பிடிக்கும். பச்சை, எதையோ டவுன்லோடு செய்யும்போது ஒட்டிக்கொண்டு வரும் விளம்பரக் குப்பையைப் பெருக்கும். வெள்ளை, இன்டர்நெட் வழியாக யாராவது நுழைய ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும். மஞ்சள்தான் காவல். அதில் உள்ளதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் ராத்திரி பகல் விழித்திருந்து, ஃபைல்களை யாராவது பூட்டுப் போட்டுப் பணயம் கேட்கப் பார்த்தால் கையைப் பிடிக்கும். மற்ற மூன்றும் கூப்பிட்டால் வந்து, வேலையை முடித்துவிட்டுப் போய்விடும்.

விழித்திருப்பது ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பது அவருடைய முதல் சட்டம். இரண்டு காவல் விழித்திருந்தால் ஒன்றை ஒன்று திருடன் என்று நினைத்துக் கட்டிப் புரளும் என்பார். இரண்டாவது சட்டம், நாலும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. சிவப்பு அவருடைய கைப்பையில். பச்சை ஸ்கூட்டர் டிக்கியில். வெள்ளை கடை மேஜையில். மஞ்சள் என் சட்டைப் பையில்.

மூன்றாவது சட்டம்தான் எனக்குப் புரிய நாளானது. மஞ்சள் காவலை நிறுத்த வேண்டுமானால் ஒரு கடவுச்சொல் வேண்டும். இடத்துக்கு ஒரு கடவுச்சொல். அதை அவர் இரண்டாக வெட்டியிருந்தார். முன்பாதிகளைச் சின்னச் சீட்டில் எழுதிச் சுருட்டி மஞ்சள் பென்டிரைவின் மூடிக்குள் திணித்து என்னிடம் கொடுத்தார். பின்பாதிகள் அவருடைய தலைக்குள் இருந்தன. நான் தனியாகப் போனால் காவலை நிறுத்த முடியாது. அவர் தனியாகப் போனாலும் முடியாது.

எதற்கு இந்த அவஸ்தை என்று முதல் மாதம் கேட்டேன்.

"நானே ஒரு நாளைக்குத் தப்பா நிறுத்திட்டா? யாராவது ஒர்த்தர் பக்கத்துல நின்னு பாக்கணும் இல்ல."

அதோடு ஒரு நோட்டு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம். யார் செய்தாரோ அவர் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நான் ஒன்பதாவது பெயில். என் கையெழுத்துக்கு அவரிடம் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ஒரு உருவம் வந்தது.

சேர்ந்த கதையும் பெரிதாக இல்லை. ஒரு லாட்ஜில் கூரைக்கு மேல் ஒயர் இழுக்கக் கூலிக்குப் போயிருந்தேன். அவர் கீழே நின்று சொன்னார், நான் மேலே செய்தேன். மறுநாளும் வரச் சொன்னார். ஏன் என்னை வைத்துக்கொண்டார் என்று பின்னால் ஒருநாள் சொன்னார். படித்த பையன்கள் இருவரை வைத்துப் பார்த்தாராம். நாலு படி சொன்னால் மூன்றை ஒன்றாகச் சேர்த்து வேகமாகச் செய்துவிடுவார்களாம். "நீ ஒண்ணு சொன்னா ஒண்ணுதான் செய்வ" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அவருடைய அம்மா மதியம் சாப்பாடு கொண்டுவருவார். கொளவாய் ஏரிப் பக்கம் அவர்கள் வீடு. மகள் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். சோறு தட்டில் ஒரு பக்கம். குழம்பு தனியாக மூடியில். ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் சோறு எடுத்து, அதில் கொஞ்சம் குழம்பு விட்டு, அதை மட்டும் பிசைந்து சாப்பிடுவார். மொத்தமாகப் பிசைந்த பிறகு உப்புக் கூடுதல் என்று தெரிந்தால் என்ன செய்வது என்பது அவருடைய கேள்வி. வருடத்துக்கு ஒருமுறை அம்மாவும் மகளும் வேளாங்கண்ணிக்குப் போவார்கள். ஒரே பேருந்தில் ஏற மாட்டார்கள். அம்மா முதல் வண்டி, மகள் அடுத்த வண்டி.

"மாப்ள பாக்கலாம்னு சொன்னா, சமைக்க ஒர்த்தன், சம்பாரிக்க ஒர்த்தன், சண்ட போட ஒர்த்தன்னு மூணு பேரக் கேப்பா போல கீது" என்று அந்த அம்மா என்னிடம் சொல்வார்.

"சண்டைக்கு நீ கீறியே" என்பார் மகள், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தபோது நடந்த ஒன்றால்தான் அவர் இப்படி ஆனார் என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார். அவரிடமே ஒருநாள் கேட்டேன். திருக்கழுக்குன்றத்தில் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்களைத் துடைத்துக்கொண்டிருந்தோம். ஒரு மெஷினுக்கு மூன்று புரோகிராம், ஒவ்வொன்றுக்கும் அரை மணி. திரையில் பச்சைக் கோடு ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலை. அந்த மாதிரி நேரத்தில்தான் அவர் பேசுவார்.

அந்த ஆபீஸில் ஆயிரம் மெஷினுக்கும் ஒரே காவல் புரோகிராமாம். ஒருநாள் காலையில் அதற்குப் புதுப் பட்டியல் வந்தது, எதெல்லாம் வைரஸ் என்று. அந்தப் பட்டியலில் ஒரு தவறு. கம்ப்யூட்டர் எழுந்து நிற்கத் தேவையான ஃபைலையே வைரஸ் என்று எடுத்து வீசிவிட்டது. ஒரு மாடியில் ஒன்றும் எழுந்திருக்கவில்லை. பிறகு அடுத்த மாடி. இவர் போனில் உட்கார்ந்து எல்லோரிடமும் ஒரே மன்னிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் கம்பெனி வண்டிகள் வந்து எல்லோரையும் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டன.

"திருடன் எவனும் வரல அண்ணாத்த. காவக்காரனே வூட்டக் கொளுத்திட்டான். இன்னொர்த்தன் இருந்தா தண்ணியாவது ஊத்தியிருப்பான்."

ஆனால் அதனால்தான் இப்படி ஆனார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆறாவது படிக்கும்போதே ஒரு நோட்டை இரண்டாகக் கிழித்து, பாடம் எழுதியதை ஒரு பையிலும் வீட்டுப்பாடத்தை இன்னொரு பையிலும் கொண்டுபோவாள் என்று அந்த அம்மா சொன்னதும் நினைவிருக்கிறது.

அவருடைய முறை பலித்ததையும் பார்த்திருக்கிறேன். மாமல்லபுரத்தில் ஒரு கல் பட்டறை. இப்போது பாதி வேலையைக் கம்ப்யூட்டர் மெஷின்தான் செதுக்குகிறது. வரைபடமெல்லாம் கம்ப்யூட்டரில். முதலாளியின் அக்கா மகன் ஒருநாள் சினிமா பார்க்க ஏதோ ஏற்றினான். மஞ்சளின் பட்டியலில் இல்லாத புதுத் திருடன், எல்லா ஃபைலுக்கும் பெயர் மாறிவிட்டது. திரையில் சிவப்பாக ஒரு மிரட்டல் கடிதம். நாங்கள் போனபோது உளிக்காரர்கள் எல்லோரும் அதைச் சுற்றி நின்று, சாவு வீட்டில் நிற்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் முதலாளியின் வீட்டுக்குப் போய், அவர் மனைவியின் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருந்த ஹார்டு டிஸ்கை வாங்கி வந்தார். மாதம் ஒருமுறை நகல் எடுத்து அங்கே வைக்கச் சொல்லியிருந்தது இவர்தான். சாயங்காலம் மெஷின் மறுபடி நந்தி செதுக்கியது.

முதலாளி சந்தோஷத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் கொடுத்தார். இவர் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவர். மறுக்காமல் வாங்கிவந்து படிக்கட்டின் கீழே வைத்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் தினமும் அதற்குக் கற்பூரம் ஏற்றுகிறார். வீட்டுச் சாமி தனி, கடைச் சாமி தனி.

இதையெல்லாம் பட்டிபுலம் வரைக்கும் நினைத்துக்கொண்டு வந்தேன். வெயில் இறங்கவே இல்லை. ஒரு இளநீர் வண்டியின் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

போன வருடம் ஒருநாள் சிவப்பு புரோகிராமைத் திறந்தபோது ஒரு அறிவிப்பு வந்தது. அதைச் செய்த கம்பெனி, நாலையும் சேர்த்து ஒரே புரோகிராம் ஆக்கிவிட்டதாம். இனி பழைய நாலுக்கும் புதுப் பட்டியல் வராது. அவர் இரண்டு தடவை படித்தார். அப்புறம் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"நாலு பேரு நாலு வேல பாத்துகினு இருந்தானுங்க. இப்ப ஒர்த்தனுக்கு நாலு சட்டய மாட்டி வுட்டுட்டானுங்க" என்றார்.

பட்டியல் வராத காவல், போன வருடத்துத் திருடனின் போட்டோவை வைத்துக்கொண்டு இந்த வருடத்துத் திருடனைத் தேடுவது போல. அது அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் பழையதையே வைத்துக்கொண்டு மற்ற இடங்களிலிருந்து வேறு சின்னச் சின்னதாகத் தேடிப் பொருத்திப் பார்த்தார். ஒன்று ஒன்றோடு சேரவில்லை. மெஷின்கள் முக்கின. நாலு மணி நேர வேலை ஆறு மணி நேரமானது. பள்ளிக்கூடத்தில் ஆயா வந்து பூட்டணும் என்று நிற்பார். நாங்கள் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அப்போதுதான் லாட்ஜ்காரர் பேச்சை எடுத்தார். மதுராந்தகம் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். மாமல்லபுரத்தில் மூன்று லாட்ஜ். எங்கள் கடை நடந்ததே அந்த மூன்று லாட்ஜின் ஒப்பந்தத்தால்தான். மற்றதெல்லாம் டீச்செலவுக்கு. அந்த மனிதர் போனால் கடை போகும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஆள் வந்து, எல்லாம் சேர்ந்த அந்த ஒரே புரோகிராமைக் காட்டியிருக்கிறான். ஒரே திரை. எல்லாம் சரியாக இருந்தால் ஒரு பச்சை டிக். லாட்ஜ்காரருக்குப் பிடித்துவிட்டது. எங்களையே போடச் சொன்னார். இவர் ஒரு மாதம் தள்ளிப்போட்டார். கடைசியில் அந்த மனிதர் ரிசப்ஷன் பையனைக் கூப்பிட்டு எங்கள் முன்னாலேயே கேட்டார், நாங்கள் உள்ளே விட்டுவைத்து வாரா வாரம் ஓட்டச் சொன்ன மூன்று புரோகிராமையும் ஓட்டினாயா என்று. பையன் கூரையைப் பார்த்தான்.

"பாத்தியாம்மா? நாலு பூட்டுப் போடச் சொன்னா எவனும் ஒரு பூட்டும் போட மாட்டான். ஒண்ணு குடு. அத ஒழுங்கா போடுவான்."

வெளியே வந்து டீ குடிக்கும்போது இவர் சொன்னார். "அவுரு சொல்றது தப்பு இல்ல அண்ணாத்த. அதான் பேஜாரா கீது."

சரி, போட்டுவிடலாம் என்று முடிவானது. பெரிய லாட்ஜில் முதலில். அவர் மேலே முதலாளியின் அறையில் பேசிக்கொண்டிருந்தார். நான் கீழே ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் புதியதை ஏற்றினேன். பாதியில் அது ஒரு கேள்வி கேட்டது. பழைய காவல் ஒன்று உள்ளே விழித்திருக்கிறது, அதை நிறுத்த வேண்டும், கடவுச்சொல் என்ன? முன்பாதியை மூடிக்குள் இருந்து எடுத்து அடித்தேன். பின்பாதிக்கு மாடி ஏறினேன்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அந்த மனிதர் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. இரண்டு மேனேஜர்களை வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே. ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு மருந்து எழுதுற டாக்டரம்மா என்றார். ஊசி எத்தனை அம்மா, மாத்திரை எத்தனை என்றார். மேனேஜர்கள் சிரித்தார்கள். இவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் நான் உள்ளே போய், "மேடம், பாஸ்வேர்டுல மீதிப் பாதி சொல்லுங்க" என்று கேட்டால் என்ன ஆகும்? திரும்பி இறங்கிவிட்டேன். திரையில் ‘பிறகு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினேன். புதியது ஏறி முடிந்தது. பச்சை டிக் வந்தது. நோட்டில் ‘பழையது நிறுத்தியாச்சு’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் இறங்கி வந்ததும் கேட்டுச் செய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அவர் இறங்கி வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. "முடிஞ்சுதா?" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "முடிஞ்சுது" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை அந்த லாட்ஜில் ஒரு கல்யாணக் கூட்டம் வந்து இறங்கியது. நாற்பது அறை. ஒவ்வொரு அறைக்கும் கார்டு சாவி. ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் பெயரைப் பதிந்தால்தான் கார்டு வேலை செய்யும். ஆறாவது பெயரில் கம்ப்யூட்டர் நின்றது. புதிய காவல் எல்லா ஃபைலையும் வேகமாகத் திறந்து பார்க்க, பழைய காவல் அதைப் பூட்டுப் போடும் திருடன் என்று பிடித்துக்கொண்டது. தன்னைப் பிடித்தவனைப் புதியது திருடன் என்று பிடித்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுவில் பதிவு ஃபைல்.

செங்கல்பட்டிலிருந்து நாங்கள் போய்ச் சேர ஒரு மணி நேரம். வாசல் முழுக்கப் பெட்டிகள். கிழவர்களுக்கு நாற்காலி போதவில்லை. மணப்பெண் ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் போட்ட பவுடர் வேர்வையில் வழிந்து கோடு கோடாக இருந்தது. இவர் திரையை ஒரு பார்வை பார்த்தார். உடனே புரிந்துவிட்டது. நான் முன்பாதியை அடித்தேன். அவர் பின்பாதியை அடித்தார். பழையது நின்றது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியானது. ஆனால் அதற்குள் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் பக்கத்து லாட்ஜுக்குப் போய்விட்டார்கள்.

முதலாளி வந்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "ரெண்டையும் ஒண்ணா வச்சது யாரு?"

இவர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். அந்தப் பக்கத்தைத் திறந்தார். கட்டத்தில் என் கையெழுத்து இருந்தது. எது தப்பாகப் போனாலும் யாருடைய கை என்று தெரிய வேண்டும், அதற்குத்தான் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறேன் என்று எத்தனையோ தடவை சொன்னவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நோட்டை மூடினார்.

"நான்தான் சார்."

நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை.

திரும்பும்போது திருக்கழுக்குன்றத்தில் மலைக்குக் கீழே ஒரு கடையில் நிறுத்தி டீ சொன்னார். பிறகு கேட்டார், சும்மா தெரிந்துகொள்வதற்காகக் கேட்பது போல.

"மறந்துட்டியா, இல்ல வுட்டுட்டியா?"

நடந்ததைச் சொன்னேன். மாடிக்கு வந்ததை, கதவு ஒருக்களித்திருந்ததை. "நீ பேச்சு வாங்கிகினு இருந்தம்மா. பாதி பாஸ்வேர்டக் கேட்டுகினு உள்ள வர மனசு வரல."

அவர் டீயைக் குடித்து முடித்தார். கிளாஸைக் கழுவிக் கொடுத்தார். பிறகு, "நான் மாட்டிகினு இருக்கற நேரத்துல மீதிப் பாதிய யாரு சொல்லுவாங்கன்னு நான் யோசிக்கவே இல்ல பாரு" என்றார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் நடக்கத் தொடங்கிய அன்று காலையில், ஒப்பந்தம் போய்விட்டதால், அந்த மூன்று லாட்ஜிலும் எங்கள் சாமான்களைக் கழற்றி ஒப்படைத்தோம். சென்னைக் கம்பெனி ஆட்கள் வந்திருந்தார்கள். நல்ல பையன்கள். ஒவ்வொரு மெஷினிலும் முன்பாதியை நான் அடிக்க, பின்பாதியை அவர் அடிக்க, அதைப் பார்த்து ஒருவன் இன்னொருவன் தோளில் இடித்தான். கடைசி மெஷினில் பழைய காவல் நின்றதும் அவர் நோட்டில் என் கட்டத்தைக் காட்டினார். செய்து முடித்த பிறகு கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போதுதான் அந்த வரியைச் சொன்னார். இனி துடைப்பது, ஒயர் இழுப்பது, படிக்கட்டில் மானிட்டரைத் தூக்குவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் அவர் ஒருவரே. நாலு சட்டை அவருக்கும் மாட்டியாகிவிட்டது.

பட்டிபுலம் தாண்டி ஒரு பேருந்துக்குக் கை காட்டினேன். கோவளம் என்றேன். தெரிந்த ஊர் அதுதான். இறங்கியதும் அவருக்குப் போன் செய்தேன். கடல்காற்றில் சரியாகக் கேட்கவில்லை. சுவர் ஓரமாக ஒதுங்கினேன்.

"மஞ்சள் என்கிட்ட கீதும்மா."

"தெரியும்."

"சீட்டும் உள்ள கீது. பள்ளிக்கூடம், கல் பட்டறை, லேபு, எல்லாத்துக்கும் மொதப் பாதி இதுலதான். படிக்கிறேன், எழுதிக்கிறியா?"

"போன்ல படிக்காத."

"அப்ப நாளைக்கு வந்து குடுத்துட்டுப் போறேன்."

அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மெஷின் ஓடுவது கேட்டது.

"ரெண்டு பாதியும் என்கிட்டயே இருந்தா அதுக்கு எதுக்கு ரெண்டா வெட்டணும்? உன்கிட்டயே இருக்கட்டும். வேணும்ன்ற அன்னிக்குக் கூப்புடறேன். பஸ் ஏறி வா." பிறகு, "எங்க கீற? எதுனா துன்னியா?" என்றார்.

கோவளம் என்றேன். சாப்பிட்டேன் என்றேன். முதல் பதில் உண்மை.

மறுநாள் காலை பழைய ஐஸ் வேலைக் கூட்டாளி ஒருவனைத் தேடிப் போனேன். இப்போது கடற்கரையில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு அவன் மேனேஜர். ஆள் தேவைப்பட்டது. கேட்டில் நிற்பது, மோட்டார் போடுவது, செடிக்குத் தண்ணீர், ராத்திரி கேமராவில் பதிவானதைக் காலையில் ஓட்டிப் பார்ப்பது.

"எல்லாம் நீதான் மச்சான். ஆல் இன் ஒன்" என்று சாவிக் கொத்தைத் தூக்கிப் போட்டான்.

ஏழு சாவி. எது எது என்று கேட்டுக்கொண்டேன். கேமராப் பதிவு மெஷின் இருக்கும் அறையின் சாவியை வளையத்திலிருந்து கழற்றி அவனிடம் நீட்டினேன்.

"இது உன்கிட்ட இருக்கட்டும். காலைல நீ வந்து தொற, ரெண்டு பேரும் பாக்கலாம்."

"இன்னாத்துக்கு?"

"கேட்டுல நிக்கறதும் நானு, நின்னேனான்னு பாக்கறதும் நானுன்னா, நான் தூங்கனா யாருக்குத் தெரியும்?"

"தூங்கப் போறேன்னு மொத நாளே சொல்றவன இப்பதான்டா பாக்கறேன்" என்றான். ஆனாலும் வாங்கி, தன் பைக் சாவியோடு கோத்துக்கொண்டான்.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கேட்டைத் திறக்கப் போனேன்.